மறு: ‘ஸ்பிரிச்சுவல் டைரக்டர்’ – தமிழில் யார்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தேவகோட்டை சிஸ்டர் தொடங்கிய இழை நன்றாகவே சூடுபிடித்துவிட்டது. 1939இல் கம்பன் கழகம் கண்ட ஊர்ப் பக்கம் இது; சொல்லைப் பற்றிக் கருத்தில்லாத ஆளை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக, சிஸ்டரின் முதல் மடலிலிருந்து:

> துறவியருக்கும் பொதுநிலையினருக்கும் சேர்த்து ஸ்பிரிச்சுவல் டைரக்‌ஷன் பயிற்சி ஒன்று தொடங்குகிறோம். கையேட்டைத் தமிழாக்கும் பொறுப்பு என் தலையில். அட்டையையே தாண்ட முடியவில்லை. ‘ஆன்மீக இயக்குநர்’ என்று எழுதி வைத்திருந்தேன். பார்த்த அண்ணன் மகன், ‘அத்தை, இவர் எந்தப் படம் எடுத்தார்?’ என்கிறான்.

பையன் கேட்டது சரி. இயக்குநர் என்றால் கோடம்பாக்கம். அதை விட்டால் கல்வித்துறை. இரண்டு இடத்திலும் அவர் சொல்வார், மற்றவர்கள் செய்வார்கள். நமக்கு வேண்டிய ஆளோ சொல்லாமல் இருப்பதற்கே பயிற்சி பெறுகிறவர். (ஆன்மீகமா ஆன்மிகமா என்ற சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.)

வந்திருக்கும் மடல்களைப் படித்தால், பாதிப் பேர் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்கும் சாமியாரையும் மீதிப் பேர் மனநல ஆலோசகரையும் நினைத்துக்கொண்டு எழுதுவது தெரிகிறது. அதனால் அந்த ஆள் என்னதான் செய்கிறார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒருவர் மாதம் ஒருமுறை, ஏறத்தாழ ஒரு மணி நேரம், இன்னொருவரிடம் வந்து அமர்கிறார். செபம் எப்படிப் போகிறது, கடவுள் எப்போது அருகில் இருப்பதாகப் பட்டது, எப்போது ஒன்றும் இல்லாமல் வறண்டு கிடந்தது என்று பேசுகிறார். கேட்பவர் பாவமன்னிப்புத் தருவதில்லை. அதற்குக் குருப்பட்டம் வேண்டும், இதற்கு வேண்டியதில்லை. குடும்பச் சிக்கலைத் தீர்த்து வைப்பதும் அவர் வேலை இல்லை. கணவரை இழந்த ஒரு பெண், ‘செபமாலையை எடுத்தாலே கோபம் வருகிறது’ என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆலோசகர் அந்தக் கோபத்தின் வேரைத் தேடுவார். பங்குச்சாமி பொறுமையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லி ஆசீர்வதிப்பார். இவர் கேட்பது வேறு: ‘அந்தக் கோபத்தை ஆண்டவரிடமே சொல்லிப் பார்த்தீர்களா? சொன்னபோது அவர் எப்படி இருந்தார்?’ பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். காத்திருப்பதுதான் கடினமான பகுதி என்று இந்தப் பணியில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

இந்த வழக்கத்தின் வேர் 4ஆம் நூற்றாண்டு எகிப்தின் பாலைவனத்தில் இருக்கிறது. தனித்து வாழ்ந்த துறவியரைத் தேடிப் போனவர்கள், ‘எனக்கு ஒரு சொல் தாரும்’ என்று கேட்பார்கள். ஒரு வாக்கியம் கிடைக்கும். அதைச் சுமந்துகொண்டு திரும்புவார்கள். அந்தத் துறவியரை அவர்கள் அழைத்த பெயர், ஆண் என்றால் அப்பா, பெண் என்றால் அம்மா. இந்தத் துறை முழுவதிலும் நமக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படாத இடம் அது ஒன்றுதான்.

சிஸ்டரின் பயிற்சி, இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் வழியில் வருவது. அவருடைய ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலுக்குத் திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548இல் ஒப்புதல் அளித்தார். அந்த நூலில் ‘டைரக்டர்’ என்று யாரும் இல்லை. ‘பயிற்சிகளைத் தருபவர்’, ‘பெறுபவர்’ என்றுதான் இஞ்ஞாசியார் எழுதுகிறார். தருபவர் எப்படி இருக்க வேண்டும் என்பதை 15ஆம் முன்குறிப்பில் சொல்கிறார்: எந்தப் பக்கமும் சாயாமல் தராசைப் போல் நடுவில் நின்று, படைத்தவர் தம் படைப்போடு நேரடியாக உறவாட விட்டுவிட வேண்டும். ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை’ என்று நாம் பள்ளியில் ஒப்பித்த 118ஆம் குறளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆக, ஒருவர் துறவறம் போகலாமா, திருமணம் செய்யலாமா என்று தவித்துக்கொண்டு வந்தால், ‘போ’ என்று சொல்வதும் பிழை, ‘போகாதே’ என்று சொல்வதும் பிழை.

16ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் துறவி சிலுவை யோவான் இன்னும் கடுமையானவர். ஆன்மாவை வழிதவற வைக்கும் குருடர்கள் மூவர் என்று எண்ணிச் சொல்கிறார். அலகையும் ஆன்மாவும் அடுத்தடுத்துத்தான் வருகின்றன, முதலாவது குருடர் வழிநடத்துகிறவர். வழிநடத்துவது தூய ஆவியார், இவர்கள் இல்லை என்பது அவர் கட்சி. அவர் காலத்துத் துறவி அவிலா தெரேசாவும் அரைகுறைப் படிப்புள்ளவர்களிடம் அகப்பட்டுத் தாம் பட்ட பாட்டை எழுதி வைத்திருக்கிறார்.

இவ்வளவையும் சொன்னது ஒரே காரணத்துக்காக. நாம் ஆக்கும் சொல் அந்த ஆளை முன்னே நிறுத்தக் கூடாது. பக்கத்தில் நிறுத்த வேண்டும். வந்திருக்கும் சொற்களை இந்த ஒரு கல்லில்தான் உரசிப் பார்க்கிறேன்.

> கல்லலிலிருந்து: குருமடங்களில் ‘ஆன்மகுரு’ என்று காலங்காலமாகச் சொல்கிறார்கள். புழங்குகிற சொல் இருக்கும்போது புதிது எதற்கு?

அண்ணன் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், சொல் புழங்குகிறது. ஆனால் கத்தோலிக்கத் தமிழில் குரு என்றால் அருள்பொழிவு பெற்றவர். குருப்பட்டம், குருத்துவம், குருமடம் எல்லாம் அந்த வழியில் பிறந்தவை. சிஸ்டரிடம் பயிற்சி பெறப் போகிறவர்களில் ஆசிரியைகள் இருக்கிறார்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஆன்மகுரு என்றால் ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே கேள்வி வரும். குருமடத்துக்குள்ளேகூட அந்தப் பணி அதிகாரப் பதவி இல்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 240ஆம் பிரிவைப் பாருங்கள்: ஒரு மாணவருக்குப் பட்டம் தரலாமா, அவரை வெளியே அனுப்பலாமா என்று முடிவெடுக்கும்போது ஆன்மகுருவின் கருத்தைக் கேட்கவே கூடாது. கேட்டதை வெளியில் சொல்லாதவர் அவர். அதிபர் வேறு, அவர் வேறு.

புழங்குகிற சொல்லைக் கலைக்கக் கூடாது என்ற வாதமும் நிற்காது. நம் தாத்தாக்களின் ஞானஸ்நானம் இன்று திருமுழுக்கு. பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு ஆயிற்று. திருவருட்சாதனத்தைத் ‘தேவதிரவிய அனுமானம்’ என்று சொன்னால் இன்று ஓரியூர்த் திருவிழாக் கூட்டத்தில் எத்தனை பேருக்குப் புரியும்? எல்லாம் மாறின, யாருடைய விசுவாசமும் ஆட்டம் காணவில்லை.

குருவைப் பற்றிக் கண்டனூர் ஆச்சி எழுதியதுதான் எனக்கு இந்த இழையிலேயே பிடித்த வரி:

> நகரத்தாரில் ஆண்களுக்குப் பாதரக்குடி மடம், பெண்களுக்குத் துலாவூர் மடம். அங்கே போய் உபதேசம் கேட்போம். குரு சொல்வார், நாங்கள் கேட்போம். நீங்கள் விவரிக்கும் ஆள் கேட்கிறார், வந்தவர் சொல்கிறார். இதற்கு எப்படிக் குரு என்று பெயர் வைப்பீர்கள்?

ஆச்சி, வேதக்காரர் (கிறிஸ்தவர்) பக்கத்திலும் உபதேசியார் என்று ஒருவர் உண்டு. சிற்றூர்களில் மறைக்கல்வி சொல்லித் தருபவர். ஆகவே உபதேசமும் ஏற்கெனவே ஆளுள்ள வீடு.

‘வழிகாட்டி’ நின்ற இடத்திலேயே நின்று கை காட்டும். ‘வழிநடத்துநர்’ என்றதும் காதில் விசில் கேட்கிறது. இரண்டையும் விட்டுவிடலாம்.

மனம் வராமல் விடுவது ‘ஆற்றுப்படுத்துநர்’. பத்துப்பாட்டில் ஐந்து, ஆற்றுப்படைகள். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே பசியோடு வரும் பாணனிடம் தான் பெற்றதைச் சொல்லி, வள்ளல் இருக்கும் ஊருக்கு வழி உரைக்கிறான். கொடுப்பவன் வள்ளல், பாணன் பெற்றவன் மட்டுமே. திருமுருகாற்றுப்படையில் அந்த வள்ளல் இறைவனாகவே ஆகிவிடுகிறான். சிலுவை யோவான் தமிழ் படித்திருந்தால் இந்தச் சொல்லைத்தான் எடுத்திருப்பார். ஆனால் இன்று பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் ஆற்றுப்படுத்துநர் என்றால் கவுன்சலர். இந்தப் பயிற்சியில் முதலில் சொல்லித் தருவதே, ‘நீங்கள் கவுன்சலர் இல்லை, மனநோயின் அடையாளம் தெரிந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள்’ என்பதுதான். அட்டையில் ஒன்றைப் போட்டுவிட்டு உள்ளே அதை மறுத்துக்கொண்டிருக்க முடியாது. தவிரவும், பழைய பாணன் வழியைச் சொல்லிவிட்டுத் தன் ஊர் பார்க்கப் போய்விடுகிறான். நம் ஆள் ஆண்டுக்கணக்கில் கூடவே நடக்கிறார்.

கூட நடப்பவருக்குத் தமிழில் பெயர் இருக்கிறது: வழித்துணை. விரிஞ்சிபுரத்துச் சிவனுக்கே வழித்துணைநாதர் என்று பெயர். லூக்கா 24இல் எம்மாவு போகும் இருவரோடு உயிர்த்த இயேசு சேர்ந்துகொள்கிறாரே, அவர் முதலில் செய்வதும் கேள்வி கேட்பதுதான். அவர்கள் ஏமாற்றத்தையெல்லாம் கொட்டி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே நடக்கிறார். எனவே என் முன்மொழிவு: பணிக்கு ‘ஆன்ம வழித்துணை’, ஆளுக்கும் அதே சொல். ‘துணைவர்’ என்று நீட்டாதீர்கள். கல்யாணப் பத்திரிகை ஆகிவிடும். இவரிடம் வருகிறவருக்குத் தனிக் கலைச்சொல் வேண்டாம். ‘வருபவர்’ போதும்.

இனி மற்றவை. திருப்பத்தூர்த் தம்பி ‘டிசர்ன்மென்ட்’டுக்கு, அதாவது உள்ளத்தில் எழும் தூண்டல்களில் கடவுளுடையது எது என்று பார்த்துத் தேர்வதற்கு, ‘பகுத்தறிதல்’ என்கிறார். தமிழ்நாட்டில் பகுத்தறிவு ஓர் இயக்கத்தின் சொத்து, தம்பி. அதைச் செபக்கூட்டத்துக்கு அழைத்து வந்தால் இரு தரப்பும் வருத்தப்படும். திருச்சபை ஏடுகளில் ‘தெளிந்து தேர்தல்’ வழக்கில் இருக்கிறது, அதுவே இருக்கட்டும். ஆனால் கையேட்டில் அந்தப் பாடத்தின் தலைப்பில், ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தின் கடைசிக் குறளைச் சேர்க்கச் சொல்வேன்: ‘தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்.’ ஆராயாமல் நம்புவது ஒரு துன்பம், ஆராய்ந்து நம்பியபின் ஐயப்படுவது இன்னொரு துன்பம். மனம் வாடிக் கிடக்கும் காலத்தில், முன்பு தெளிவோடு எடுத்த முடிவை மாற்றாதே என்று இஞ்ஞாசியாரின் ஐந்தாம் விதி சொல்வது, இந்தக் குறளின் இரண்டாம் பாதியோடு அப்படியே பொருந்துகிறது.

‘கன்சொலேஷன்’ என்பதற்கு ‘ஆறுதல்’ ஒத்துவராது. ஆறுதல் துக்க வீட்டுக்குப் போய்ச் சொல்வது. இஞ்ஞாசியார் சொல்வது நம்பிக்கையும் அன்பும் பெருகும் நிலை. தன் பாவத்தை நினைத்து அழும் கண்ணீரும் அதில் சேரும். ‘தளிர்ப்பு’, எதிர்ச்சொல்லாக ‘வாட்டம்’ என்று வைத்தால் என்ன?

சிக்குவது ‘சூப்பர்விஷன்’, அதாவது பயிற்சி பெறுகிறவர் தாம் நடத்திய உரையாடலை மூத்தவர் ஒருவரோடு திரும்பிப் பார்ப்பது. சிஸ்டர் அனுப்பிய மாதிரிப் பக்கத்தைப் பார்த்தேன். இடப்பக்கத்தில் உரையாடல் சொல்லுக்குச் சொல் எழுதப்பட்டிருக்கிறது:

‘வருபவர்: செபிக்க நேரமே கிடைப்பதில்லை.
நான்: காலையில் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள்?’

வலப்பக்க ஓரத்தில் பயிற்சி பெறுகிறவரின் குறிப்பு: ‘இந்த இடத்தில் எனக்குப் பொறுமை போயிற்று. என் அம்மா என்னிடம் கேட்பது போலவே கேட்டேன்.’ மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து பேசப்படுவது அந்த வலப்பக்கம். வந்தவரின் வாழ்க்கையை அங்கே யாரும் அலசுவதில்லை, பெயரும் இராது. தானே ஒருவரிடம் வழித்துணை பெறாதவரையும், இஞ்ஞாசியாரின் பயிற்சிகளை முப்பது நாள் ஒதுங்கியோ அன்றாட வாழ்வின் நடுவிலோ செய்து முடிக்காதவரையும் இந்தப் படிப்பில் சேர்ப்பதில்லை என்கிறார் சிஸ்டர். நம் செட்டிநாட்டுக்கு இது புரியும். வெளிநாட்டுக்குக் கொண்டுவிக்கப் போன, அதாவது தொழில் செய்யப் போன, கடைகளில் பெட்டியடிப் பையனாக அமர்ந்து, அடுத்தாளாகி, அப்புறம்தான் மேலாள். ஆனால் ‘மேற்பார்வை’ என்று எழுதினால் தேர்வறையில் நடந்துகொண்டிருக்கும் ஆள் நினைவுக்கு வருகிறார். ‘உடன்நோக்கு’ என்று ஒன்று தோன்றுகிறது. எனக்கே முழு நிறைவில்லை.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து

---

> கல்லலிலிருந்து:

தம்பி, எங்கள் ஊரில் வழித்துணை என்றால் கருப்பர். இருட்டில் வயல்வரப்பில் வரும்போது அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதோடு, எம்மாவு வழியில் ஆண்டவர் கேள்வி கேட்டதோடு நிறுத்தினாரா? மோசே முதல் எல்லாவற்றையும் விளக்கியல்லவா கொண்டு போனார்? உங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்.

> தேவகோட்டையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. ‘வழித்துணை’யை எடுத்துக்கொள்கிறேன், ஒரு தயக்கத்தோடு. விவிலியப் பொது மொழிபெயர்ப்பில் தூய ஆவியார் ‘துணையாளர்’. பழையதில் ‘தேற்றரவாளன்’ என்று இருந்ததால் இந்த நெருக்கடி இல்லை. இப்போது அவரும் துணை, நாங்களும் துணையா? ‘தளிர்ப்பு’ பிடித்திருக்கிறது. ‘உடன்நோக்கு’ பிடிக்கவில்லை, திருமண மண்டபத்தில் பெண் பார்ப்பது போல் இருக்கிறது.

---

கல்லல் அண்ணனுக்கு: ஆண்டவர் விளக்கலாம், அவர் ஆண்டவர். பயிற்சி பெறுகிறவர் முதல் பாதியோடு நிற்கட்டும். கருப்பர் விஷயத்தில் எனக்கு மறுப்பில்லை. இருட்டில் கூட வருபவர் என்பது சொல்லுக்கு வலுதான் சேர்க்கிறது.

சிஸ்டருக்கு: துணையாளர் உள்ளே இருப்பவர், வழித்துணை பக்கத்தில் வருபவர். முன்னொட்டு இருக்கும்வரை குழப்பம் வராது. ஆனால் கையேட்டில் எங்கும் வெறும் ‘துணை’ என்று சுருக்கிவிடாதீர்கள். முதல் பாடத்திலேயே இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கிவிட்டால், சிலுவை யோவான் சொன்னதும் அங்கேயே வந்துவிடும்.

‘உடன்நோக்கு’ போகட்டும். கண்டனூர் ஆச்சி இந்த வாரம் பேத்தி வீட்டுக்குச் சென்னை போயிருக்கிறார். திரும்பியதும் அவரிடம் கேட்போம். அதுவரை அந்தப் பாடத்தை மட்டும் அச்சுக்குக் கொடுக்காமல் நிறுத்தி வையுங்கள்.