மறு: செயின் பிளாக்கின் பிரேக்குக்குத் தமிழ்ச் சொல் – ‘சுமைப்பிடி’ என்று வைக்கலாம்

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

கையால் சங்கிலியை இழுத்துப் பளுவைத் தூக்கும் செயின் பிளாக்கின் பாகங்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்தப் பேச்சை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். காரைக்குடி, புதுவயல் பக்கத்து அரிசி ஆலைகளில் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். மோட்டார், கியர்பாக்ஸ், எலிவேட்டர் தலை என்று எதைக் கழற்றினாலும் முதலில் செயின் பிளாக்கைத்தான் தேடுவோம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘சங்கிலிக் கப்பி’ சரிதான். ஆனால் கப்பி என்றால் ரோட்டுக்குப் போடும் கல் அல்லவா?

கப்பி ரோடும் கிணற்றுக் கப்பியும் ஒரே ஊரில்தான் இருந்து வருகின்றன. யாரும் குழம்பியதில்லை. செயின் பிளாக்குக்குச் சங்கிலிக் கப்பியே போதும்.

> உள்ளே இருக்கும் பிரேக்குக்குச் ‘சுமைத்தடை’ என்று வைக்கலாமே?

இங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. தடை என்றதும் மின்தடைதான் நினைவுக்கு வருகிறது என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதற்கு ஒரு நடந்த கதையைச் சொல்ல வேண்டும்.

ஓர் ஆலையில் புதிதாகச் சேர்ந்த தம்பியிடம், “செயின் பிளாக்குக்கு எண்ணெய் போட்டு வை” என்று சொல்லிவிட்டுப் போனேன். பொறுப்பான பையன். சங்கிலிக்குப் போட்டதோடு நிற்காமல் மூடியைக் கழற்றி, “அண்ணே, ராட்செட்டுக்கும் கிரீஸ் வைத்துவிட்டேன்” என்றான். நான் அதைக் காதில் சரியாக வாங்கவில்லை. அடுத்த முறை கியர்பாக்ஸைத் தூக்கி நிறுத்திக் கையை எடுத்ததும், அது தானாக ஒரு முழம் இறங்கி, கீழே அடுக்கியிருந்த கட்டைமேல் உட்கார்ந்தது. கட்டை இருந்த இடத்தில் ஒருவர் கால் இருந்திருக்கலாம்.

அந்தப் பையன்மேல் தப்பில்லை. பட்டறையில் நாங்கள் மூடிக்குள் இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்து ‘ராட்செட்’ என்றுதான் சொல்கிறோம். அதற்குள் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. கைச்சங்கிலியை இழுத்தால் கைச்சக்கரம் மரையில் ஏறி, உராய்வுத் தட்டுகளை நெருக்குகிறது. தட்டுகளுக்கு நடுவே ஒரு பல்சக்கரம். அது பின்னால் திரும்பாதபடி ஒரு நாக்கு பல்லில் விழுந்து நிற்கிறது. தூக்கும்போது கேட்கும் ‘டிக் டிக்’ அந்த நாக்கின் சத்தம்தான். சத்தம் கேட்கவில்லை என்றால் நாக்கின் ஸ்பிரிங் போயிருக்கலாம், அல்லது அழுக்கில் ஒட்டியிருக்கலாம். உடனே வேலையை நிறுத்த வேண்டும். கையை விட்டதும் சுமையின் எடையே அந்த மரையை இறுக்குகிறது. எடை கூடக் கூட இறுக்கமும் கூடுகிறது. இறக்கும்போது நாம் மரையைக் கொஞ்சம் தளர்த்துகிறோம், சுமை மறுபடி இறுக்குகிறது. இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது.

நாக்கு திரும்பும் ஊசிக்கு ஒரு சொட்டு எண்ணெய் போடலாம். உராய்வுத் தட்டில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது; அந்தத் தம்பி வைத்த கிரீஸ் அதில் பட்டுத்தான் அன்று சுமை நழுவியது. இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் எண்ணெய்க் குப்பியும் இரண்டு இடத்துக்கும்தானே போகும்? அதனால்தான் ‘நாக்கு’ தனியாகவும், தட்டுகள் இறுகிச் சுமையை நிறுத்தும் பிரேக்குக்குச் ‘சுமைப்பிடி’ தனியாகவும் இருக்க வேண்டும் என்கிறேன்.

> ‘உராய்வுத் தடுப்பி’ இன்னும் துல்லியம்.

சைக்கிள் பிரேக்கும் உராய்வுத் தடுப்பிதான். இதன் தனித்தன்மை, சுமையே பிடியை உண்டாக்குகிறது என்பது. வெறும் கொக்கியை ஏற்றி இறக்கிப் பார்த்து “நன்றாக இருக்கிறது” என்று சொல்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். சுமை இல்லாதபோது சுமைப்பிடியைச் சோதித்ததாக ஆகாது. சரக்கை ஒரு சாண் மட்டும் தூக்கி நிறுத்தி, நழுவுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். இன்னொன்று: நாம் இன்றைக்கும் “பிரேக் பிடிக்கவில்லை” என்றுதானே சொல்கிறோம்? வினை ஏற்கெனவே தமிழில் இருக்கிறது. பெயரை மட்டும் அதோடு சேர்க்கிறோம்.

> சுமையைப் பிடிக்கும் கருவி என்று பொருள் மாறிவிடாதா?

நியாயமான கேள்வி. ஆனால் தகட்டைப் பிடித்துத் தூக்கும் கருவிக்குக் ‘கவ்வி’ என்ற சொல் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும்.

கொக்கியின் வாயை மூடும் சிறு தகட்டுக்கு, நம் குழுவில் உள்ள கானாடுகாத்தான் அம்மா தந்த ‘வாய்ப்பூட்டு’ அருமை. அப்படியே எடுத்துக்கொள்வோம். அதோடு கொக்கி அகல்வதற்கு ‘வாய்விரிவு’ என்றும் சேர்க்கலாம். வாய் விரிந்த கொக்கியைச் சுத்தியலால் அடித்து நேராக்கவோ வெல்டு வைக்கவோ கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

சங்கிலி நீள்வதற்கு வெறும் ‘நீட்சி’ வேண்டாம், ‘தேய்நீட்சி’ என்போம். பெரும்பாலும் சங்கிலி ரப்பர்போல இழுபடுவதில்லை. கண்ணியும் கண்ணியும் உரசும் உள்பக்கம் தேய்ந்துதான் மொத்த நீளம் கூடுகிறது. எண்ணெய் போட வேண்டிய இடமும் அதுவே. அதிகம் ஓடாத பகுதியில் சில கண்ணிகளை அளந்து, அதிகம் ஓடும் பகுதியில் அதே எண்ணிக்கையை அளந்தால் வேறுபாடு தெரியும். தயாரிப்பாளர் தரும் அளவே முதல். அது கிடைக்காவிட்டால் கையால் இயக்கும் கப்பிக்கு 2.5 விழுக்காடு என்பது வழக்கத்தில் உள்ள எல்லை. 300 மில்லிமீட்டர் இருந்தது 307.5 ஆனால் சங்கிலி கழிவுக்குப் போக வேண்டும்.

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு, தொழிற்சாலைகளில் இவற்றை 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதியுள்ளவர் முழுமையாகப் பார்க்க வேண்டும் என்றது. நம் ஊரில் பழைய வீடு பிரிக்கும் இடங்களில் அப்படி யாரும் வந்து பார்ப்பதாகத் தெரியவில்லை. தேக்குத் தூணை இறக்க, வளவின் (வீட்டு உள்முற்றத்தின்) பழைய உத்தரத்திலேயே கொக்கியை மாட்டிவிடுகிறார்கள். அந்த உத்தரம் மேலே எத்தனை மழையில் நனைந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? குழாய் முக்காலி போட்டுத் தூக்குங்கள் என்று பார்க்கும் இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் யாரும் வலுவான மறுப்பு சொல்லாவிட்டால், திங்கட்கிழமை எங்கள் ஆலையில் இருக்கும் இரண்டு கப்பிகளின் மூடியிலும் சிவப்புப் பெயிண்டில் எழுதப்போகிறேன்: ‘சுமைப்பிடி – எண்ணெய் கூடாது’.