செம்புக் கம்பியை இளக்குவதும் இணைப்பதும் எப்படி?

கேள்வி:
செம்புக் கம்பியைச் சுருள்களாக வளைத்துக் காதணிகள் செய்து வருகிறேன். சில முறை வளைத்ததுமே கம்பி விறைத்து, திருத்த முயன்றால் முறிந்துவிடுகிறது. இதை மீண்டும் இளக்க முடியுமா? முனைகளை இணைக்க ஈயப் பற்று போதுமா?

மறுமொழி 1:
வளைக்கும்போதும் தட்டும்போதும் செம்பு இறுகுவது இயல்பே. வெளிச்சம் குறைந்த இடத்தில், மங்கிய சிவப்பு தெரியும்வரை சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திச் சூடாக்கி, பிறகு தண்ணீரில் அமிழ்த்துங்கள். இப்படிக் குளிர்வித்தால் எஃகு கடினமாகும்; செம்போ இளகியே இருக்கும். செம்பு உருகுவது 1085 டிகிரி செல்சியஸில்தான் என்றாலும், மெல்லிய கம்பியின் முனை கண்ணிமைக்கும் நேரத்தில் உருண்டுவிடும். கறுத்த படலத்தை வெதுவெதுப்பான சிட்ரிக் அமிலக் கரைசல் நீக்கும். அதில் இரும்பு இடுக்கியை நுழைத்தால் பொருளின்மேல் செம்புப் படிவு ஏறும்.

மறுமொழி 2:
உடலில் அணியும் பொருளுக்கு ஈயம் கலந்த பற்று வேண்டவே வேண்டாம். இழுவிசை தாங்க வேண்டிய இணைப்புக்கு, பற்று நன்றாக ஓட உதவும் இளக்கியாக (flux) வெண்காரத்தைப் பூசி வெள்ளிப் பற்று வைப்பதே என் தேர்வு. முனைகள் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். பற்று இடைவெளியை நிரப்பாது. சூட்டைப் பற்றின்மேல் காட்டாமல் கம்பியின்மேல் காட்டினால், அது தானாகவே இணைப்புக்குள் ஓடும்.

மறுமொழி 3:
மோட்டாரிலிருந்து பிரித்த கம்பியானால், அதன் எனாமல் பூச்சைச் சுரண்டிய பிறகே சூடாக்குங்கள். எரியும் பூச்சின் புகை தீங்கானது. பற்றுவைத்த சூட்டில் கம்பி மீண்டும் இளகியிருக்கும் என்பதால், எஃகுக் கட்டையின்மேல் வைத்து நைலான் சுத்தியலால் மெல்லத் தட்டினால் அது இறுகி வடிவம் நிலைக்கும்.