டர்போ ஹயபுசா: கேம் டைமிங் எத்தனை டிகிரி? அவசரம்

சாகிர் மெக்கானிக்
வணக்கம். கால் மைல் நேர்கோட்டு டிராக் (drag) ரேஸ் வண்டி, சுசுகி ஹயபுசா பைக், டர்போ. சீசன் நடுவில் இன்ஜினைப் பிரித்து ஏற்றினோம். அதிலிருந்து மேலே மூச்சு முட்டுகிறது. 9,000 ஆர்பிஎம் தாண்டினால் இழுவையே இல்லை. பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) சரி, பெட்ரோலும் சரி. கேம் டைமிங்தான் (கேம் ஷாஃப்ட் வால்வுகளைத் திறந்து மூடும் நேரம்) என்று தோன்றுகிறது. எத்தனை டிகிரி வைக்கணும்? வெள்ளிக்கிழமை ஓட்டம். நம்பர் மட்டும் சொன்னால் போதும்.

கால்மைல்
எந்த ஹயபுசா? பழைய 1299 சிசியா, 2008-க்கு அப்புறம் வந்த 1340-ஆ? கேம் கம்பெனி கேமா, வேறா? கேமைச் சுற்றும் செயின் சக்கரத்தில் (ஸ்பிராக்கெட்) கேமை நகர்த்திவைக்க ஸ்லாட் உண்டா? பூஸ்ட் எவ்வளவு? இதெல்லாம் தெரியாமல் யாரும் நம்பர் சொல்ல முடியாது.

வால்வு ஸ்பிரிங்
கேமைத் தொடாதீர்கள். இது ஸ்பிரிங் பிரச்சினை. பூஸ்ட், காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வின் முதுகில் உட்கார்ந்து தள்ளும். 33 மிமீ வால்வு, ஒன்றரை பார் பூஸ்ட் என்று கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 13 கிலோ. ஸ்பிரிங்கின் இருக்கை அழுத்தத்தில் அவ்வளவும் போய்விடும். கம்பெனி ஸ்பிரிங் என்றால் மேலே வால்வு மூடாமல் மிதக்கும். எனக்கு இரண்டு வண்டியில் நடந்திருக்கிறது.

பழைய கை
கிராங்கில் மாட்டிக் கோணம் அளக்கும் டிகிரி வீலைப் பிடிக்கத் தெரியாதவர்கள் டர்போ வண்டியைத் தொடக்கூடாது என்று பல தடவை எழுதிவிட்டேன். லோப் சென்டர், அதாவது வால்வு முழுதாகத் திறக்கும் இடம் டிடிசியிலிருந்து (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) எத்தனை கிராங்க் டிகிரி என்பதை முதலில் படியுங்கள். டர்போவுக்கு இன்டேக் 110, எக்ஸாஸ்ட் 110. ஓவர்லாப் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம்) குறைய வேண்டும். அவ்வளவுதான்.

சாகிர் மெக்கானிக்
மன்னிக்கணும், வேலையில் இருந்தேன். 1299 சிசி, கம்பெனி கேம், ஸ்லாட் ஸ்பிராக்கெட், பூஸ்ட் 1.5 பார். ஸ்பிரிங் மாற்றியது, கனமானது. இன்ஜினைக் கட்டியது நான் இல்லை, வெளி ஒர்க்‌ஷாப். குறி பார்த்து வைத்ததாகச் சொன்னார்கள். முதலாளி என்னைத்தான் கேட்கிறார்.

கால்மைல்
ஓட்டச் சீட்டு இருந்தால் போடுங்கள். முதல் 60 அடி நேரமும் கடைசி வேகமும் வேண்டும்.

சாகிர் மெக்கானிக்
60 அடி முன்பு போலவே, ஒரு தடவை கொஞ்சம் நன்றாகக்கூட வந்தது. கடைசி வேகம் முன்பு 264 கிமீ, இப்போது 249.

கால்மைல்
அப்படியானால் கிளட்ச், டயர் எல்லாம் நன்றாக இருக்கிறது. கீழே பலம் இருக்கிறது, மேலேதான் குதிரைசக்தி போயிருக்கிறது. இன்டேக் வால்வு சீக்கிரம் மூடினால் இப்படித்தான் இருக்கும்.

அம்பத்தூர் லேத்
தம்பி, இன்ஜினைப் பிரித்து என்ன செய்தார்கள்? சிலிண்டருக்கு அடியில் ஸ்பேசர் ஏதாவது போட்டார்களா?

சாகிர் மெக்கானிக்
ஆமாம் அண்ணா. கம்ப்ரஷன் குறைக்க 2 மிமீ பிளேட். அதற்கும் கேமுக்கும் என்ன சம்பந்தம்?

அம்பத்தூர் லேத்
அதுதான் சம்பந்தம். பிளேட் போட்டதும் கேம் உட்காரும் ஹெட் கிராங்கிலிருந்து 2 மிமீ மேலே போகிறது. செயினின் இறுக்கமான பக்கத்தில் நீளம் மாறாது, பல் எண்ணிக்கையும் மாறாது. அப்போது கேம் ஸ்பிராக்கெட் அந்த 2 மிமீ அளவுக்கு ஓடும் திசையிலேயே திரும்பித்தான் ஆக வேண்டும். ஸ்பிராக்கெட் ஆரம் 35 மிமீ என்று வைத்துக்கொள். 1 மிமீக்குக் கேமில் 1.6 டிகிரி சொச்சம், கிராங்கில் அதன் இரட்டை, மூன்றேகால். 2 மிமீக்கு ஆறரை. இரண்டு கேமும் சேர்ந்தே அட்வான்ஸ் ஆகும், அதாவது வால்வுகள் சீக்கிரம் திறந்து சீக்கிரம் மூடும். இன்டேக் லோப் சென்டர் குறையும், எக்ஸாஸ்ட் கூடும். ஹெட்டைச் சீவினால் இதற்கு நேர் எதிர்.

குறி பார்த்து வைத்தால் இது கண்ணுக்குத் தெரியாது. 1 என்ற அம்பு ஹெட் விளிம்புக்கு நேராக, 2 மேலே, எல்லாம் சரியான பல்லில்தான் இருக்கும். மூன்று டிகிரி கேம் திரும்பியதை எந்தக் கண் பார்க்கும்? அளந்து பார். பிளக் ஓட்டையில் பிஸ்டன் ஸ்டாப் போட்டு, இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பி முட்டவிட்டு, நடுவில் டிடிசி பிடி. டயல் கேஜ் பக்கெட்டின் மேல் செங்குத்தாக நிற்கட்டும். 1 மிமீ லிஃப்டில் திறப்பது, மூடுவது இரண்டையும் எழுதிக்கொண்டு வா. கிராங்கை ஓடும் திசையில் மட்டும் திருப்பு. தாண்டிவிட்டால் கால் சுற்று பின்னால் போய் மறுபடி வா. இல்லையென்றால் செயின் தொய்வு பொய் சொல்லும்.

பழைய கை
ஸ்பேசர் கதையெல்லாம் சரி. ஆனால் டர்போவில் ஓவர்லாப்தான் முதல் எதிரி. எக்ஸாஸ்டில் இருக்கும் அழுத்தம் சிலிண்டருக்குள் திரும்பி வரும். 110-க்குக் கீழே வைப்பவர்கள் பிஸ்டனை உருக்குகிறார்கள்.

காற்றுப்பெட்டி
எல்லா டர்போவுக்கும் ஒரே விதி கிடையாது சார். டர்பைனுக்கு முன்னால் மேனிஃபோல்டில் ஒரு குழாய் பற்றவைத்து, சுருள் குழாயில் கேஜ் மாட்டிப் பார்த்திருக்கிறீர்களா? சின்ன டர்பைன் ஹவுசிங்கில் பின்னழுத்தம் பூஸ்டை விட இரு மடங்குகூட வரும். அங்கே நீங்கள் சொல்வது உண்மை. பெரிய ஹவுசிங்கில் பூஸ்டை விடக் குறைவாக இருந்தால் ஓவர்லாப் எரிந்த வாயுவை வெளியே தள்ளிக் கழுவிவிடும். பிஸ்டன் உருகுவது பெரும்பாலும் இக்னிஷனும் எரிபொருளும் செய்கிற வேலை.

பழைய கை
கழுவிப் போகும் காற்று புகையில் ஆக்ஸிஜன் அளக்கும் லாம்டா சென்சாரில் லீன் (பெட்ரோல் குறைவு) என்று காட்டும். ஆள் பயந்து பெட்ரோலைக் கூட்டுவார். அதையும் எழுதுங்கள்.

காற்றுப்பெட்டி
அது நியாயம். அதை மறுக்கவில்லை. ஆனால் 110 என்பது வேதம் இல்லை.

வால்வு ஸ்பிரிங்
எந்த ஸ்பிரிங் என்று இன்னும் சொல்லவில்லையே. இருக்கை அழுத்தம் எவ்வளவு?

சாகிர் மெக்கானிக்
அளந்துவிட்டேன். வெல்டிங் கம்பியை வளைத்துத்தான் முள் செய்தேன், மூன்று தடவை அளந்தும் அதே எண். இன்டேக் டிடிசிக்கு 26 முன்னால் திறக்கிறது, பிடிசிக்கு (பிஸ்டன் அடியில் நிற்கும் இடம்) 50 பின்னால் மூடுகிறது. எக்ஸாஸ்ட் பிடிசிக்கு 57 முன்னால் திறந்து டிடிசிக்கு 7 பின்னால் மூடுகிறது. பழைய தாளும் கிடைத்தது. அதில் பிரிப்பதற்கு முன் இருந்த லோப் சென்டர் இன்டேக் 108, எக்ஸாஸ்ட் 109.

அம்பத்தூர் லேத்
கணக்குப் போடுவோம். இன்டேக்: 26, 180, 50 சேர்ந்தால் 256. பாதி 128. அதில் 26 போனால் 102. எக்ஸாஸ்ட்: 57, 180, 7 சேர்ந்தால் 244. பாதி 122. 7 போனால் 115. பழைய தாளை விட இரண்டும் சரியாக ஆறு டிகிரி அட்வான்ஸ். கணக்கில் ஆறரை வந்தது, அரை டிகிரியை அளவில் விட்டுவிடலாம். ஓவர்லாப் முன்பும் 33, இப்போதும் 33. அதனால் மேலே நடக்கும் சண்டைக்கு உன் வண்டி காரணம் இல்லை. இன்டேக் ஆறு டிகிரி சீக்கிரம் மூடுகிறது, அதுதான் 9,000-க்கு மேல் மூச்சு முட்டுவது.

இரண்டையும் பழைய இடத்துக்கே ரிடார்ட் செய் (பின்தள்ளு). 110-க்குப் போவதை அப்புறம் பார்க்கலாம், ஓட்டத்துக்கு முன்னால் ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தை மாற்றாதே. ஒன்று கவனம்: டிகிரி வீலில் ஆறு என்றால் ஸ்லாட்டில் கேம் திரும்புவது மூன்று. ஸ்பிராக்கெட்டில் ஆறு திருப்பினால் கிராங்கில் பன்னிரண்டு போய்விடும். எக்ஸாஸ்டை ரிடார்ட் செய்யும்போது வால்வு பிஸ்டனுக்கு அருகில் வரும். உனக்கு 2 மிமீ பிளேட் இடம் கொடுத்திருக்கிறது, இருந்தாலும் பிஸ்டன் மேல் களிமண் வைத்து இடைவெளியை ஒரு தடவை பார். நான் இன்டேக்கில் 1 மிமீ, எக்ஸாஸ்டில் 1.5 மிமீக்குக் குறைய விடமாட்டேன். போல்ட்டில் எண்ணெய் இல்லாமல் துடைத்து, லாக்டைட் போட்டு, டார்க் ரெஞ்சால் முடுக்கு. முடுக்கியபின் மறுபடி அள. முடுக்கும்போதுதான் ஸ்பிராக்கெட் நழுவும்.

கால்மைல்
செயினை இறுக்கும் டென்ஷனர் ஆட்டோவா, மேனுவலா? மேனுவல் என்றால் தொய்வை அளந்த பிறகுதான் டிகிரி போடணும்.

சாகிர் மெக்கானிக்
மேனுவல். சரி, இன்று இரவே செய்கிறேன்.

பழைய கை
கட்டிய ஒர்க்‌ஷாப் ஏன் அளக்கவில்லை என்று கேளுங்கள். பிளேட் போட்டால் அளக்க வேண்டும் என்பது பால பாடம். முதலில் உங்களிடம் கடுமையாக எழுதிவிட்டேன். தப்பு உங்கள் கையில் இல்லை.

வால்வு ஸ்பிரிங்
ஓட்டம் என்ன ஆயிற்று?

கால்மைல்
வெள்ளி போய் நாலு நாள் ஆகிறது. தம்பி?

சாகிர் மெக்கானிக்
265. நன்றி அண்ணா. அடுத்த வாரம் கியர்பாக்ஸ் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது.