டொல்பின் வேன் ஏசி: மலையில் நல்ல குளிர், ஹங்வெல்ல வந்தால் வெறும் காற்று

கந்தப்பளை சலாது வேன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது சாமான் ஏற்றுகிற டீசல் டொல்பின் (டொயோட்டா ஹையேஸ் வேன்). பின் சீட்டெல்லாம் கழற்றியாகிவிட்டது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தடுப்பு எதுவும் இல்லை. வாரத்தில் மூன்று நாள் கந்தப்பளையிலிருந்து சலாது, செலரி, ஸ்ட்ரோபெரி ஏற்றிப் போய் கொழும்பில் நாலு ஹோட்டல்களுக்குக் கொடுக்கிறேன். குளிர்பெட்டி லொறி வாங்கும் வசதி இல்லை. முன் ஏசியில் வரும் குளிர்தான் எனக்கும், பின்னால் இருக்கிற பெட்டிகளுக்கும்.

விடிகாலை 3 மணிக்குப் புறப்படுவேன். நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன் எல்லாம் இருட்டோடு தாண்டிவிடும். அங்கே ஏசி இல்லாமலும் பெட்டிகள் குளிராகத்தான் இருக்கும், ஆனாலும் கண்ணாடியில் பனி பிடிக்காமல் இருக்கப் போட்டே ஆக வேண்டும். ஈரச் சலாது உள்ளே இருந்தால் கண்ணாடி எப்படி மூடும் என்று இந்த வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். கித்துல்கலை வரை ஒரு குறையும் இல்லை. அவிசாவளை தாண்டி வெயில் ஏறி, ஹங்வெல்ல பக்கம் வாகனங்கள் நின்று நின்று நகரத் தொடங்கினால் காற்று வெதுவெதுப்பாகிவிடுகிறது. வழி கிடைத்து 50இல் ஓடினால் கொஞ்சம் குளிர்கிறது. நின்றதும் மறுபடி சூடு.

போன மாதம்தான் இது இலேசாகத் தொடங்கியது. கேஸ் குறைவாக இருக்கும் என்று நுவரெலியாவில் ஒரு இடத்தில் காட்டினேன். அன்று நல்ல மழை. கேஜ் போட்டுப் பார்த்துவிட்டு "பிரஷர் குறைவு" என்று கேஸ் ஏற்றினார்கள். மேலே ஐஸ் மாதிரி குளிர்ந்தது, கீழே முன்பைவிட மோசமாகிவிட்டது. திரும்பப் போய்ச் சொன்னதும் இன்னும் கொஞ்சம் ஏற்றினார்கள். இப்போது கம்ப்ரசர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை 11 பெட்டி சலாது திரும்பி வந்தது. இலை ஓரமெல்லாம் வாடி, நடுவில் பழுப்பு. அது என் சாமான் மட்டும் இல்லை. லயத்துக்குப் பக்கத்தில் சின்னச் சின்னத் துண்டு நிலத்தில் பயிர் செய்கிற ஆறு குடும்பங்களின் சாமான். அவர்கள் முகத்தைப் பார்த்துப் பெட்டியைத் திருப்பிக் கொடுப்பது பெரிய கஷ்டம். கம்ப்ரசருக்குக் கடன் வாங்கிப் போடுவதா, அதற்கு முன்னால் வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பண்டாரவளை லொறி எழுதியது:

அண்ணே, ஹீட்டரை ஒரு தடவை பாருங்கள். நம் பக்கத்து வண்டிகளுக்கு மட்டும் வருகிற வருத்தம் இது. கொழும்புக்காரர்கள் ஹீட்டரைத் தொடுவதே இல்லை, நாம் வருஷத்தில் பாதி நாள் போடுகிறோம். என் வண்டியில் ஹப்புத்தளை வரை ஒன்றும் தெரியாது, ஹல்துமுல்லை இறங்கி பெலிஹுல்ஓயா வரும்போது ஏசியில் சூடு கலந்து வரும். மூன்று தடவை கேஸ் போட்டேன். கடைசியில் பார்த்தால் ஹீட்டர் வால்வின் கேபிள் இறுகி, லீவரை குளிர்ப் பக்கம் முழுதாகத் தள்ளினாலும் வால்வு கொஞ்சம் திறந்தே இருந்திருக்கிறது. இஞ்சின் சுடுதண்ணீர் டேஷ்போர்டுக்குள் ஓடிக்கொண்டே இருந்தால் எந்த ஏசிதான் குளிரும்?

ஹீட்டருக்குப் போகிற இரண்டு ஹோஸையும் இஞ்சின் சூடானதும் தொட்டுப் பாருங்கள், மெதுவாக, கை சுடும். வால்வு மூடியிருந்தால் வால்வைத் தாண்டி வருகிற பக்கம் சூடில்லாமல் இருக்க வேண்டும். இரண்டும் சுட்டால் வால்வுதான்.

ஹட்டன் ஏசி வேலை எழுதியது:

தம்பி, கம்ப்ரசரை மாற்றாதீர்கள். குறைந்தது இந்தக் கிழமை மாற்றாதீர்கள்.

நான் 22 வருஷமாக வாகன ஏசி மட்டும் செய்கிறவன். நீங்கள் சொன்னதில் பாதிப் பதில் இருக்கிறது. கம்ப்ரசர் தேய்ந்திருந்தால் நுவரெலியாவில் "ஐஸ் மாதிரி" வருவது கஷ்டம், ஓடும்போது குளிர்ந்து நிற்கும்போது சுடுவதற்கும் அது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது. முதலில் ஒன்று சொல்லுங்கள். ஹங்வெல்லயில் குறைவது காற்றா, குளிரா? காற்றின் வேகமே குறைந்து, பிறகு வண்டியை நிறுத்தி வைத்தால் கீழே நிறையத் தண்ணீர் ஊற்றினால், உள்ளே காற்றைக் குளிராக்குகிற கொயிலில் ஐஸ் கட்டுகிறது என்று அர்த்தம். ஈரச் சாமான் ஏற்றுகிற வேனில், வெளியே குளிராக இருக்கும்போது, பேனை 1இல் வைத்தே ஓட்டினால் அப்படி வரலாம், தெர்மிஸ்டரை (கொயிலின் குளிரை அளக்கிற சென்சர்) பார்க்க வேண்டும். காற்று அதே வேகத்தில் வந்து குளிர் மட்டும் போனால் கதை வேறு, முன்னால் கண்டென்சர் (கேஸின் சூட்டை வெளியே விடுகிற பாகம்) பக்கம் போக வேண்டும்.

என் சந்தேகம் இதுதான்: உங்கள் வண்டியில் கேஸ் குறைவில்லை, கூட.

ஏன் என்று சொல்கிறேன், நம் மலைப் பக்கத்தில் இது அடிக்கடி நடக்கிறது. 134 கேஸ் (வாகன ஏசிக்குப் போடுகிற R134a) இருக்கிற சிஸ்டத்தில் இஞ்சின் ஓடாமல் கேஜ் போட்டால் வருகிற பிரஷர், எவ்வளவு கேஸ் இருக்கிறது என்பதைக் காட்டாது. உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கும் வரை அது அன்றைய சூட்டை மட்டும்தான் காட்டும். 15 பாகையில் சுமார் 56 பிஎஸ்ஐ. 30 பாகையில் சுமார் 97. வீட்டில் சமையல் கேஸ் சிலிண்டர் மாதிரி: பாதி இருந்தாலும் முழுதாக இருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரியும், தூக்கிப் பார்த்தால்தான் எவ்வளவு என்று தெரியும். இஞ்சின் ஓடும்போது வருகிற பிரஷரும் அப்படித்தான், வெளியே குளிரென்றால் பிரஷர் கூடிய பக்கம், குறைந்த பக்கம் இரண்டும் இறங்கியே நிற்கும். கொழும்பில் பிரஷர் கூடிய பக்கம் 200, 220 காட்டுகிற நல்ல சிஸ்டம், மழை நாளில் நுவரெலியாவில் அதைவிட மிகவும் குறைவாகத்தான் காட்டும். கொழும்பில் படித்த கணக்கை மனதில் வைத்து 220 வரும் வரை கேஸ் தள்ளினால் என்ன ஆகும்? கூடுதல் திரவம் கண்டென்சரின் கீழ்க் குழாய்களில் தேங்கும். சூட்டை வெளியே விட இருக்கிற இடம் அந்தளவுக்குக் குறையும். மேலே குளிரில் அது தெரியாது. கீழே 32 பாகையில், வண்டி நின்று முன் காற்றும் இல்லாமல் போனதும் பிரஷர் ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் பிரஷர் சுவிட்ச், கம்ப்ரசரை ஓட வைக்கிற கிளச்சைக் கட் பண்ணிவிடும். பல டொயோட்டாக்களில் அது சுமார் 450 பிஎஸ்ஐயில் நடக்கும். அப்புறம் உங்களுக்கு வருவது வெறும் பேன் காற்று.

அடுத்த பயணத்தில் மூன்று விஷயம் பாருங்கள், செலவில்லை.

ஹங்வெல்லயில் சூடானதும் பாதுகாப்பாக ஓரம் கட்டி, இஞ்சினையும் ஏசியையும் ஓட விட்டபடியே, முன் கிரில் வழியாக கண்டென்சர் மேல் இரண்டு போத்தல் பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொட வேண்டாம். ஒரு நிமிஷத்தில் குளிர் திரும்பினால் கம்ப்ரசர் பிழைத்தது. பிரச்சினை சூடு வெளியே போகாததுதான். தண்ணீர் ஊற்றும்போது கிளச் "டக்" என்று பிடிக்கிற சத்தத்தையும் கேளுங்கள்.

இரண்டாவது, ஒரு பத்திரிகைத் தாளை ஏசி ஓடும்போது கண்டென்சர் முகத்தில் வைத்துப் பாருங்கள். பேன் இழுத்தால் தாள் ஒட்டி நிற்கும். மேலே, கீழே, இரண்டு ஓரமும் பாருங்கள். நீங்கள் முதல் தடவை கேஸ் போடுவதற்கு முன்பே இலேசாகத் தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும், அதை நான் மறக்கவில்லை.

மூன்றாவது, பண்டாரவளைத் தம்பி சொன்ன ஹீட்டர் ஹோஸ். அது சரியான வார்த்தை.

நூரளை டிரைவர் எழுதியது:

கேஸ் கூட என்றால் வால்வை ஊசியால் அழுத்திக் கொஞ்சம் வெளியே விட்டால் சரிதானே? எதற்குத் திரும்பக் கராஜுக்குப் போக வேண்டும்?

ஹட்டன் ஏசி வேலை எழுதியது:

வேண்டாம் தம்பி. திரவமாக வந்தால் கடும் குளிரில் கை வெந்துவிடும், கண்ணில் பட்டால் கண் போய்விடும். கேஸோடு ஒயிலும் வெளியே வரும், எவ்வளவு வந்தது என்று தெரியாது, பிறகு உண்மையாகவே கம்ப்ரசர் போகும். அதோடு இந்த 134 கேஸ் ஒரு கிலோ காற்றில் கலந்தால் சுமார் 1,430 கிலோ கரியமில வாயு கலந்த அளவுக்குச் சூட்டைப் பிடித்து வைக்கும். மழையையும் பனியையும் நம்பிப் பயிர் செய்கிற மலையில் இருந்துகொண்டு நாம் அதைச் செய்யக் கூடாது. மெஷினில் இழுத்து, நிறுத்துப் பார்த்து, நிறுத்தே திரும்பப் போட வேண்டும். ஏற்றுவதைத் தராசில் ஏற்றுகிற இடமாகப் பார்த்துப் போங்கள். தராசு இல்லாத இடத்தில் கேஸ் போடாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

கேஸ் போடும் முன் பம்பால் உள்ளே இருக்கிற காற்றை இழுத்து வெக்யூம் போடும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். கடலோரத்தில் கேஜ் முள் 30 இஞ்சுக்குப் பக்கத்தில் போகும். நுவரெலியா கிட்டத்தட்ட 1,868 மீற்றர் உயரம், காற்றின் அழுத்தமே குறைவு, நல்ல பம்ப் போட்டாலும் முள் 24இல் நின்றுவிடும். ஹட்டனில் 26ஐத் தொடாது. 30 வரவில்லை, லீக் இருக்கிறது என்று சொல்லி நல்ல ஹோஸைக் கழற்றிப் போட்ட வண்டிகள் என்னிடம் வந்திருக்கின்றன. முள் எங்கே நிற்கிறது என்பதைவிட, பம்பை நிறுத்தி அரை மணி நேரம் விட்டால் அது திரும்பி வருகிறதா என்று பாருங்கள். திரும்பாவிட்டால் பெரிய லீக் இல்லை.

கந்தப்பளை சலாது வேன் எழுதியது:

ஐயா, பண்டாரவளை அண்ணே, இன்று பார்த்துவிட்டேன்.

காற்று குறையவில்லை, குளிர்தான் குறைகிறது. ஹீட்டர் ஹோஸ் ஒன்று சுட்டது, வால்வைத் தாண்டிய பக்கம் சூடில்லை. அப்போ வால்வு நல்லது. ஹங்வெல்லயில் சந்தியைத் தாண்டி ஓரம் கட்டி, ஒன்றரை லீற்றர் போத்தல் இரண்டு ஊற்றினேன். இரண்டாவது போத்தல் பாதி முடியும் முன்னே "டக்" என்று சத்தம் கேட்டது, உள்ளே குளிர்ந்தது. நாலைந்து நிமிஷம் நின்றது, அப்புறம் மறுபடி போய்விட்டது. தாள் மேல் பாதியில் நன்றாக ஒட்டியது. கீழ்ப் பாதியில் விழுந்துவிட்டது, நாலு தடவை வைத்துப் பார்த்தேன்.

கம்ப்ரசர் பிழைத்தது என்று நீங்கள் எழுதியதை அந்த இடத்தில் நின்றே மறுபடி படித்தேன்.

ராகலை தோட்டக்காரி எழுதியது:

அண்ணா, நான் சலாது போடுகிறவள், வண்டி பற்றித் தெரியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். வெயில் ஏறி வெட்டின சலாதைப் பெட்டியில் போட்டால் அந்தச் சூடு உள்ளேயே இருக்கும், வேன் ஏசி அதை இறக்கவே இறக்காது. நாங்கள் இப்போது பின்னேரம் இருட்டும்போது வெட்டி, பெட்டியை மூடாமல் வெளித் தாழ்வாரத்தில் இரவுக் குளிரில் வைத்து, ஏற்றும்போதுதான் மூடுகிறோம். நம் ஊரில் இரவு இலவசமாகக் குளிரைத் தருகிறது, அதைப் பெட்டியோடு கொண்டு போங்கள். மேலே ஈரச் சாக்குப் போடுகிறவர்கள் ஸ்ட்ரோபெரிப் பக்கம் மட்டும் போட வேண்டாம், ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

ஹட்டன் ஏசி வேலை எழுதியது:

தங்கச்சி சொன்னதை எல்லோரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேன் ஏசி இருக்கிற குளிரைக் காப்பாற்றும். சூடான சாமானைக் குளிராக்க அது செய்யப்பட்டதில்லை.

சலாது வேன் தம்பி, கீழ்ப் பாதியில் தாள் விழுவது முதல் காரணத்தைக் காட்டுகிறது. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் அடைத்திருக்கும். முன்னால் பார்த்தால் சுத்தமாகத் தெரியும், நடுவில்தான் இருக்கும். பழைய கேஸை இழுக்கும்போதே கண்டென்சரைத் தளர்த்தி இரண்டுக்கும் நடுவே பார்க்கச் சொல்லுங்கள். பவர் வோஷை நேரே பிடித்தால் தகடு மடங்கிவிடும். சாதாரணக் குழாய்த் தண்ணீர், பின்னாலிருந்து முன்னால்.

கந்தப்பளை சலாது வேன் எழுதியது:

பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன். மூன்று பயணம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

தராசு வைத்திருக்கிற ஒரு இடத்தில் கேஸை இழுத்தோம். பானட்டின் உள்ளே இருக்கிற ஸ்டிக்கர் அளவைவிட 230 கிராம் கூட இருந்தது. கண்டென்சரைத் தளர்த்தினால் உள்ளே, கீழ்ப் பாதி முழுக்க, காய்ந்த இலையும் பூச்சியும் சேற்றுத் தூசியும் சேர்ந்து ஒரு சாக்குத் துண்டு மாதிரி. போன ஒக்டோபர் மழையில் தோட்டத்து மண் பாதையில் ஓடினதெல்லாம் அங்கே இருந்தது. கழுவினோம். கேஸோடு வந்த ஒயிலை அளந்து அதே அளவு புது ஒயில் விட்டார்கள். வெக்யூம் முள் 24இல் நின்றது, அரை மணி நேரம் அசையவில்லை. அதைப் பார்த்து அங்கே இருந்த பையன் முகம் சுருங்கியது, ஐயா எழுதியதைக் காட்டினேன். பிறகு ஸ்டிக்கர் அளவுக்கு நிறுத்துப் போட்டார்கள். கம்ப்ரசர் அதே பழைய கம்ப்ரசர்தான்.

போன வியாழன் ஹங்வெல்லயில் 25 நிமிஷம் ஒரே இடத்தில் நின்றேன். கிளச் விட்டு விட்டுப் பிடித்தது, காற்று குளிராகவே வந்தது. ராகலைத் தங்கச்சி சொன்ன மாதிரி பின்னேரம் வெட்டி, பெட்டிகளை லயத்து வாசலில் இரவு முழுக்கத் திறந்து வைத்துத்தான் ஏற்றினோம். மூன்று பயணத்திலும் ஒரு பெட்டி திரும்பவில்லை.

ஐயா, ஹட்டனில் எங்கே என்று தனியாக எழுதுங்கள். வருகிற கிழமை அந்த வழியாகத்தான் வருகிறேன். ஸ்ட்ரோபெரி ஒரு பெட்டி உங்கள் வீட்டுக்கு என்று எடுத்து வைத்திருக்கிறேன்.