கலைச்சொல் விவாதம்: ‘கட்டவுட்’டுக்கு ஒரே பெயர் போதுமா?

காட்பாடி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

ஐடிஐ மாணவர்களுக்கான பழைய மோட்டார் சைக்கிள் கையேட்டில் சார்ஜிங் பகுதி முடியும் தறுவாயில் இருக்கிறது. ராஜ்தூத் 350-இல் சார்ஜ் வோல்டேஜ் எகிறாமல் பார்த்துக்கொள்ளும் ரெகுலேட்டருக்குப் பதிலாக, பழைய கார், டிராக்டர் ஆல்டர்னேட்டருக்கு (என்ஜின் சுற்ற மின்சாரம் உண்டாக்கும் கருவி) வெளியே தனியாக வரும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரைப் பொருத்தும் முறை அதில் வருகிறது. சில நூறு ரூபாயில் வேலை முடிகிறது. ஒரிஜினல் கிடைத்தாலும் அது பெரும்பாலும் பாயின்ட் தேய்ந்த பழசுதான்.

கடைகளில் ‘கட்டவுட்’ என்று சொல்லும் இந்த வோல்டேஜ் ரெகுலேட்டர் வரும் இடமெல்லாம் ‘மின்னழுத்தச் சீராக்கி’ என்று போட்டிருக்கிறேன். அச்சுக்குப் போகும் முன் குழுவின் கருத்து வேண்டும். முதல் பத்தி இது:

“1983-இல் எஸ்கார்ட்ஸ் கொண்டுவந்த ராஜ்தூத் 350, யமஹா ஆர்டி 350-இன் வழிவந்தது. இதன் ஆல்டர்னேட்டரில் நிலைக்காந்தம் இல்லை. சுழலியில் (ரோட்டர்) சுற்றிய சுருளுக்கு இரண்டு கார்பன் பிரஷ் வழியாக பேட்டரி மின்சாரம் போனால்தான் காந்தம் உண்டாகும். சுற்றாமல் நிற்கும் நிலையகத்திலிருந்து (ஸ்டேட்டர்) மூன்று வெள்ளை வயர், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்குப் போகும். பழுப்பு வயர் சாவி வழியாக வரும் பேட்டரி பிளஸ். பச்சை வயர் சீராக்கியிலிருந்து பிரஷ்ஷுக்குப் போவது. கறுப்பு, எர்த் (வண்டியின் பாடி).”

ரெக்டிஃபையருக்குப் பாடநூலில் இருக்கும் ‘அலைதிருத்தி’யையும், சுழலியில் சுற்றிய ஃபீல்டு காயிலுக்குப் ‘புலச்சுருள்’ என்பதையும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

ராணிப்பேட்டை மடல்

காட்பாடி அண்ணனுக்கு வணக்கம்.

‘மின்னழுத்தச் சீராக்கி’ என்று மட்டும் போட்டால் பையன்கள் கடையில் போய்த் தப்பான பொருளைத்தான் வாங்குவார்கள். கல்லாவில் இருப்பவர் “கட்டவுட்டா?” என்று கேட்டு, இப்போதைய புல்லட்டுக்கோ பல்சருக்கோ வரும், அலுமினிய வரி போட்ட டப்பாவை எடுத்து நீட்டுவார். அதுவும் ரெகுலேட்டர்தான். ஆனால் செய்கிற வேலை முழுக்க வேறு.

நிலைக்காந்த வண்டியில் காந்தத்தைக் குறைக்க வழியே இல்லை. என்ஜின் சுற்றச் சுற்ற மின்சாரம் வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் அந்த டப்பா மிச்சத்தைத் திரும்ப நிலையகத்துக்கே ஷார்ட் செய்து சூடாக்கிக் கழிக்கிறது. ராஜ்தூத் 350-இல் காந்தமே பேட்டரி தயவில் இருப்பதால், ரெகுலேட்டர் வெளியே வரும் மின்சாரத்தைத் தொடுவதே இல்லை. புலச்சுருளுக்குப் போகும் மின்சாரத்தைத்தான் கூட்டிக் குறைக்கிறது.

மூன்று வெள்ளை வயரையும் புல்லட் வகை டப்பாவில் கொடுத்துவிட்டு, புலச்சுருளுக்கு ஒன்றும் கொடுக்காமல் விட்டால் சுழலியில் மிஞ்சியிருக்கும் சொற்பக் காந்தம்தான் கதி. மீட்டரில் 12-ஐத் தாண்டாது. “சரி, பச்சை வயரை நேராக பேட்டரியில் கொடுத்துவிடலாம்” என்று சிலர் கொடுக்கிறார்கள். சார்ஜ் ஆகும். ஆனால் புலச்சுருளில் முழு மின்சாரம் ஓயாமல் ஓடும். நிலையகமும் முழு லோடில் வேகும். ஆம்பூர் தாண்டி வாணியம்பாடி வரை நெடுஞ்சாலையில் ஒரே மூச்சாக ஓட்டினால் சுழலியின் வார்னிஷ் கருகும் வாசம் வரும்.

ஆகவே இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும். ‘கட்டவுட்’ என்பதையும் கையேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். அது டைனமோ காலத்துச் சொல். என்ஜின் நின்றதும் பேட்டரி மின்சாரம் டைனமோவுக்குள் திரும்பிப் பாயாமல் தொடர்பைத் துண்டிக்கும் ரிலே என்ற மின்காந்த சுவிட்சுக்குத்தான் அந்தப் பெயர். மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு இருக்கும் ஆல்டர்னேட்டரில் அந்த வேலையே கிடையாது.

குடியாத்தம் மடல்

காயில் கட்டுகிறவன் என்ற முறையில் ஒரு யோசனை. நம் பக்கத்து ஆட்களுக்கு ஏரியை வைத்துச் சொன்னால் சட்டென்று பிடிபடும். காவேரிப்பாக்கம் ஏரியாக இருக்கட்டும், ஊருக்கு ஊர் இருக்கும் சின்ன ஏரியாக இருக்கட்டும், தேவைக்குத் திறந்து மூட மதகு உண்டு. நிரம்பி வழிந்தால் கோடி போகும். காந்தத்தை அளந்து விடுவது ‘மதகுச் சீராக்கி’. மிச்சத்தை வழியவிடுவது ‘கோடிச் சீராக்கி’. ஒருமுறை கேட்டால் மறக்காது.

வேலூர் மடல்

குடியாத்தத்து நண்பரின் சொற்கள் பிடித்திருக்கின்றன. ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது.

வட ஆற்காட்டுக்காரருக்கு ‘ஏரி கோடி போகிறது’ என்றால் புரியும். கையேடு மதுரைக்கும் கோவைக்கும் போனால் ‘கோடிச் சீராக்கி’யை விலை என்று நினைப்பார்கள். ‘மதகு’ எல்லா ஊரிலும் புரியும் என்றாலும் பொருள் தப்புகிறது. மதகு வழியாகப் போவது ஏரித் தண்ணீரேதான். இந்த ரெகுலேட்டர் வழியாகப் போவது ஆல்டர்னேட்டர் கொடுக்கும் மின்சாரம் முழுவதும் இல்லை. 2 முதல் 3 ஆம்பியர் புலமின்சாரம் மட்டும். மாணவர் ‘மதகு’ என்று படித்தால் மொத்த மின்சாரமும் இதற்குள் போவதாக எண்ணி, அலைதிருத்தியிலிருந்து பேட்டரிக்குப் போகும் சிவப்பு வயரை இதில் கொண்டுவந்து மாட்டுவார்.

எதன்மேல் வேலை செய்கிறதோ அதையே பெயரில் வைக்கலாம். புலச்சுருளைக் கட்டுப்படுத்துவது புலச்சீராக்கி. மிச்சத்தை வடித்துவிடுவது வடிசீராக்கி. இரண்டும் குட்டையான சொற்கள். ‘மின்னழுத்தச் சீராக்கி’ இரண்டுக்கும் பொதுப்பெயராக இருக்கட்டும்.

ராணிப்பேட்டை மடல்

புலச்சீராக்கி, வடிசீராக்கி இரண்டுக்கும் என் ஓட்டு. ஆனால் புலச்சீராக்கியிலேயே இன்னொரு பிரிவு இருக்கிறது. அதற்குப் பெயர் வைக்காவிட்டால் இந்த அத்தியாயத்தால் பயனில்லை.

ராஜ்தூத்தின் ஒரிஜினலில் புலச்சுருளின் ஒரு முனை எர்த்தில் நிற்கும். ரெகுலேட்டர் பிளஸ் பக்கம் உட்கார்ந்து பச்சை வயரில் மின்சாரம் அனுப்பும். லூகாஸ் கம்பெனியின் 4டிஆர் மாதிரி பிளஸ், எஃப் (ஃபீல்டு), மைனஸ் என்று மூன்று முனை உள்ள கார் ரெகுலேட்டரில் இது தலைகீழ். சுருளின் ஒரு முனைக்கு பிளஸ் நேராக வந்துவிடும். ரெகுலேட்டர், சுருளுக்கும் எர்த்துக்கும் நடுவே உட்கார்ந்து எர்த்தைக் கொடுத்து எடுக்கும். வெளிநாட்டுப் புத்தகங்களில் எர்த் பக்கம் இருப்பதை ஏ வகை, பிளஸ் பக்கம் இருப்பதை பி வகை என்பார்கள். எழுத்தை மட்டும் பார்த்து எவருக்கும் நினைவில் நிற்காது.

மாற்றி மாட்டினால் நடப்பது இது. எஃப் முனையைப் பச்சை வயரில் கொடுத்து, கறுப்பும் எர்த்தில் இருந்தால் சுருளின் இரண்டு முனையும் எர்த் பக்கமே. சார்ஜ் துளியும் இருக்காது. பழுப்பைப் பச்சையோடு சேர்த்துவிட்டு, கறுப்பை எர்த்திலிருந்து பிரிக்க மறந்தால் ரெகுலேட்டர் இருந்தும் இல்லாத மாதிரி. புலச்சுருள் முழு வேகத்தில் ஓடும். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் 16 வோல்ட்டைத் தாண்டும், பல்பு போகும், 5.5 ஆம்பியர்-அவர் பேட்டரி கொதித்து ஆசிட் ஓவர்ஃப்ளோ குழாய் வழியே சைலன்சரில் சொட்டும்.

காட்பாடி மடல்

சரியான எச்சரிக்கை. ‘முன்னமர் புலச்சீராக்கி’, ‘பின்னமர் புலச்சீராக்கி’ என்று வைக்கலாமா? சுருளுக்கு முன்னால் உட்காருவது, பின்னால் உட்காருவது.

வேலூர் மடல்

முன், பின் என்றால் எங்கிருந்து பார்ப்பது என்ற கேள்வி வரும். அந்தக் கால பிரிட்டிஷ் வண்டிகள் பல பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் பிளஸ் சேஸிஸில் இருக்கும். அங்கே ‘முன்’ எது? எர்த்தை வைத்தே சொல்வோம். எந்த முனை எர்த்தாக இருந்தாலும் பொருள் மாறாது: தரைப்பக்கப் புலச்சீராக்கி, மின்பக்கப் புலச்சீராக்கி. நீளம்தான். ஆனால் கடையில் மாணவர் சொல்லப்போவது ‘தரைப்பக்கம்’, ‘மின்பக்கம்’ என்ற பாதியை மட்டுமே. அந்தப் பாதி போதும்.

குடியாத்தம் மடல்

மதகை விட்டுக்கொடுக்கிறேன். தரைப்பக்கம் எனக்கும் சரி.

பொருத்துவதற்கு முன் சுழலியைச் சோதிக்கும் பத்தியையும் கையேட்டில் சேருங்கள். கெட்டுப்போன சுழலியில் புது ரெகுலேட்டரை மாட்டினால் அதுவும் சேர்ந்து போகும்.

பிரஷ்ஷைக் கழற்றிவிட்டு அது உரசும் இரண்டு நழுவு வளையங்களுக்கும் (ஸ்லிப் ரிங்) நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். ஏறத்தாழ 4 முதல் 6 ஓம் வரலாம். 1, 2 என்று காட்டினால் உள்ளே சுற்றுகள் ஒன்றோடொன்று ஷார்ட். 14 வோல்ட்டில் 7 ஆம்பியருக்கு மேல் இழுத்து ரெகுலேட்டரின் டிரான்சிஸ்டரை எரித்துவிடும். முள் அசையாவிட்டால் சுருள் அறுந்தது. பெரும்பாலும் வளையத்தில் சால்டர் வைத்த இடத்தில்தான் அறுந்திருக்கும், திரும்பக் கட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு வளையத்துக்கும் சுழலியின் இரும்புக்கும் நடுவே எதுவும் காட்டக் கூடாது. மீட்டரின் இரண்டு கம்பியையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு வரும் 0.3, 0.4 ஓமைக் கழித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சின்ன அளவில் அது முக்கியம்.

வளையம் கறுத்திருந்தால் நைஸ் எமரி பேப்பரால் லேசாகத் துடைத்து, கார்பன் தூளை பெட்ரோல் துணியால் எடுத்துவிடுங்கள்.

தரைப்பக்க வகை மாட்டுவதாக இருந்தால் இன்னொரு சோதனையும் வேண்டும். பிரஷ்ஷைத் திரும்பப் போட்டு, கறுப்பு வயரைக் கழற்றிவிட்டு, பிரஷ்ஷுக்கும் என்ஜின் பாடிக்கும் நடுவே பாருங்கள். ஓம் காட்டினால் பிரஷ் ஹோல்டரே திருகு வழியாக பாடியைத் தொடுகிறது என்று பொருள். ஃபைபர் வாஷரும் ஸ்லீவும் போட்டுப் பிரித்த பிறகுதான் எஃப் முனையைக் கொடுக்க வேண்டும்.

ராணிப்பேட்டை மடல்

வயரிங் பத்தியை நான் எழுதித் தருகிறேன். தரைப்பக்க வகைக்கு:

“பழைய ரெகுலேட்டரின் சாக்கெட்டைக் கழற்றவும். வண்டியின் வயர் கட்டில் (ஹார்னஸ்) பழுப்பையும் பச்சையையும் ஒன்றாகச் சேர்க்கவும். எர்த்திலிருந்து பிரித்த கறுப்பை எஃப் முனையில் கொடுக்கவும். பழுப்பிலிருந்தே ஒரு கிளை பிளஸ் முனைக்கு. மைனஸ் முனையிலிருந்து தனி வயர் இழுத்து பேட்டரியின் மைனஸிலேயே மாட்டவும். பெயின்ட் அடித்த பிராக்கெட்டை நம்ப வேண்டாம். வெள்ளை வயர் மூன்றும், அலைதிருத்தியும், சிவப்பும் இருந்தபடியே இருக்கட்டும்.”

சாவியைப் போட்டு, என்ஜினை ஓட்டாமல், ஆல்டர்னேட்டர் மூடியருகே ஸ்க்ரூடிரைவர் நுனியைக் கொண்டுபோனால் இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் புலச்சுருளுக்கு மின்சாரம் போகவில்லை. பிரஷ்ஷிலிருந்து பார்க்கத் தொடங்கலாம். பிறகு ஸ்டார்ட் செய்து பேட்டரி முனையில் அளக்கவும். ஐடிலில் 12.5 இருந்தால் கவலை வேண்டாம். 3000 சுற்றில் 14-ஐ ஒட்டி வந்து அங்கேயே நிற்க வேண்டும். 15-ஐத் தொட்டால் உடனே நிறுத்தவும்.

வேலூர் மடல்

அந்த 15 எங்கிருந்து வரும் என்பதையும் எழுதியாக வேண்டும். ரெகுலேட்டர் நன்றாக இருந்தும் பேட்டரி கொதிப்பது இந்தப் பழைய வண்டிகளில் சகஜம்.

ரெகுலேட்டர் பேட்டரியைப் பார்ப்பதில்லை. தன் பிளஸ் முனைக்கு எவ்வளவு வருகிறதோ அதைத்தான் பார்க்கிறது. அந்த மின்சாரம் ஃபியூஸ் ஹோல்டர், சாவி சுவிட்ச், நாற்பது வருடத்துச் சாக்கெட் எல்லாம் கடந்து வருகிறது. புலச்சுருளின் 3 ஆம்பியரோடு ஹெட்லைட்டும் பற்றவைப்பும் அதே வழியில் இழுக்கின்றன. வழியில் முனைகளில் களிம்பு பிடித்து மொத்தம் 0.3 ஓம் தடை சேர்ந்திருந்தாலே, புலச்சுருள் மட்டும் இழுக்கும்போது 0.9 வோல்ட் விழும். ரெகுலேட்டருக்கு 14.2 தெரியும்போது பேட்டரியில் 15.1 நிற்கும். பழைய பாயின்ட் ரெகுலேட்டரை எவராவது இந்த இழப்புக்கு ஏற்ப ஸ்பிரிங்கை வளைத்து வைத்திருப்பார்கள்; புதியதில் வளைக்க ஒன்றும் இல்லை.

மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையை ரெகுலேட்டர் பிளஸ்ஸிலும் வைத்து, என்ஜின் ஓடும்போது அளந்தால் இழப்பு நேராகத் தெரியும். 0.2-க்கு மேல் இருந்தால் நாலு முனை ரிலே ஒன்று போடுங்கள். பழுப்பு வயர் ரிலேவை இயக்க மட்டும். பச்சைக்கும் பிளஸ் முனைக்கும் மின்சாரம் பேட்டரியிலிருந்து 7.5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக நேரே வரட்டும்.

கோடையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஈய-அமில பேட்டரிக்கு வெப்பம் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் செல்லுக்கு 3 முதல் 4 மில்லிவோல்ட் குறைத்துக் கொடுக்க வேண்டும். ஆறு செல்லுக்கு ஏறக்குறைய 0.02 வோல்ட். 25 டிகிரிக்கு 14.2 சரி என்றால், நம் ஊர் மே மாத 42 டிகிரியில் 13.9-க்குள் இருப்பது நல்லது. தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் 14.5 வகையைத் தவிர்த்து, குறைந்த வோல்டேஜ் வகையை வாங்கச் சொல்லுங்கள். ரெகுலேட்டரை சீட்டுக்கு அடியில் பேட்டரிக்குப் பக்கத்தில், காற்றுப் படும் தகட்டில், அடிப்பகுதி தகட்டோடு ஒட்டி உட்காரும்படி திருக வேண்டும். எண்ணெய் டேங்கின் அருகில் வேண்டாம்.

இங்கே இன்னொரு சொல் தேவைப்படுகிறது. சில ரெகுலேட்டர்களில் பேட்டரியைப் பார்ப்பதற்கென்றே தனி முனை உண்டு. அதற்கு ‘உணர்முனை’ என்று முன்வைக்கிறேன்.

காட்பாடி மடல்

புலச்சீராக்கி, வடிசீராக்கி, தரைப்பக்கம், மின்பக்கம், உணர்முனை ஐந்தையும் ஏற்றுக்கொண்டு அத்தியாயத்தைத் திருத்துகிறேன். ‘கட்டவுட்’ டைனமோ அத்தியாயத்துக்கு மட்டும் போகிறது. ராணிப்பேட்டைத் தம்பியின் வயரிங் பத்தியும் குடியாத்தத்தாரின் சோதனைப் பத்தியும் அப்படியே சேரும்.

ஜாவா, யெஸ்டி 6 வோல்ட் டைனமோக்காரர்கள் இதைப் படித்துவிட்டு 12 வோல்ட் கார் ரெகுலேட்டரை மாட்டிவிடாதபடி முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டிப் போடுகிறேன். கட்டவுட் ரிலேவுக்குத் தமிழ்ச் சொல் இன்னும் நிலுவையில் இருக்கிறது. ‘பின்னோட்டத் துண்டிப்பி’ என்று குறித்து வைத்திருக்கிறேன். இதைவிடக் குட்டையாக யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.