ஃபீல்டு கோலுக்குப் பந்தைப் பிடிக்க யாரைப் போடலாம்?
வணக்கம். டெக்சாஸில் ஒரு உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பயிற்சியில் உதவுகிறேன். ஃபீல்டு கோலுக்கு, அதாவது கோல் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும்போது, பந்தைத் தரையில் நிறுத்திப் பிடிக்கும் ஹோல்டராக யாரைப் போடுவது என்று முடிவெடுக்க முடியவில்லை.

மாற்று குவாட்டர்பேக்குக்கு (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவன்) நல்ல கை. உதைப்பதுபோல் காட்டி ஏமாற்று ஆட்டம் போட்டால் எறியவும் செய்வான். ஆனால் ஃபீல்டு கோலை உதைக்கும் கிக்கரோடு பழக அவனுக்கு நேரமே இல்லை. பன்ட்டர் (பந்தைக் கையிலிருந்து விட்டுத் தூரமாக உதைப்பவன்) எப்போதும் கிக்கர் கூடவே இருக்கிறான். தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் அணிகளும் பெரும்பாலும் பன்ட்டரைத்தான் வைக்கின்றன. ஆனாலும் கால்களுக்கு நடுவே பின்னால் வீசப்பட்டு வேகமாக வரும் பந்தை (ஸ்னாப்) அவன் சில சமயம் தடுமாறித்தான் பிடிக்கிறான். பந்தை வாங்கி, தரையில் நிறுத்தி, கயிற்றுத் தையலைக் கோல் கம்பத்தின் பக்கம் திருப்பி, உதையும் விழுவது எல்லாம் 1.5 நொடிக்குள் முடிய வேண்டும். 2007 ஜனவரியில் சியாட்டிலில் நடந்த என்எஃப்எல் ஆட்டத்தில் டல்லஸ் அணியின் ஹோல்டர் டோனி ரோமோ பந்தை நழுவவிட்டு, டல்லஸ் 20-21 என்று தோற்றதே, அந்தப் பயம்தான்.

கிக்கரையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாமா? பன்ட்டரின் கையைப் பழக்க என்ன பயிற்சி கொடுக்கலாம்? ஆடியவர்கள், பயிற்சி தந்தவர்கள் சொல்லுங்கள்.