டேப்லெட், புரொஜெக்டர் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது: எங்கிருந்து தொடங்கலாம்?

ரோஸ்ஹில் மிஸ்:

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை காலம் இங்கே மொரிஷியஸில் ஆரம்பப் பள்ளியில் தமிழ் மட்டுமே சொல்லிக்கொடுத்தவள் நான். இந்த ஆண்டு துணைத் தலைமையாசிரியை ஆகியிருக்கிறேன். பள்ளி திறந்ததும் தலைமையாசிரியர் கூப்பிட்டு, "டேப்லெட், புரொஜெக்டர், கணினி எல்லாவற்றையும் இனி நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துவிட்டார்.

கீழ் வகுப்பு டேப்லெட்டுகள் அலமாரியில் அடுக்கியபடி இருக்கின்றன. சிலவற்றில் சார்ஜ் நிற்பதில்லை. மேல் வகுப்பு அறைகளில் புரொஜெக்டர் இருக்கிறது. இரண்டு அறைகளில் தினமும் ஓடுகிறது, மற்ற அறைகளில் அந்த வெள்ளைப் பலகையில் கால அட்டவணை ஒட்டியிருக்கிறார்கள். இளைய ஆசிரியர் சிலர் ஒரு வீடியோவை ஓடவிட்டால் பாடம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு எடுக்கும் மூத்த ஆசிரியை ஒருவர் இதையெல்லாம் தொடுவதே இல்லை. ஆனால் பின்னம் அவர் நடத்தினால் கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கும் விளங்குகிறது. அவரிடம் போய் "நீங்களும் புரொஜெக்டர் போடுங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லத்தான் வேண்டுமா?

தமிழ் வகுப்பின் கவலை வேறு. பிள்ளைகள் வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. தமிழ் அவர்கள் காதில் விழுவது நம் பாடவேளையில் மட்டும்தான். இதற்கு அந்த டேப்லெட் எதாவது செய்யுமா?

கணினியில் கடிதம் எழுதுவேன், கேள்வித்தாள் அடிப்பேன், அவ்வளவுதான். நான் முதலில் ஒரு கணினிப் படிப்பு முடித்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு வழிகாட்ட வேண்டுமா? இந்தப் பொறுப்பில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

மாயேபூர் தாத்தா (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்):

வாழ்த்துகள் அம்மா. அந்த மூத்த ஆசிரியையிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவர் அனுமதி கேட்டு, வகுப்பின் பின்னால் போய் உட்காருங்கள். எந்த இடத்தில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள், எந்த இடத்தில் அவருடைய நேரம் வீணாகிறது என்று பாருங்கள். பாடம் முடிந்ததும் அவரையே கேளுங்கள். கருவி வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சு அதற்குப் பிறகுதான். "வேண்டாம்" என்பது பதிலாக வந்தால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நம் நாட்டுக்குக் கருவி வராமல் இருந்ததில்லை. மேல் வகுப்புகளுக்குப் பிரெஞ்சு ஒத்துழைப்போடு சாங்கொரே என்னும் டிஜிட்டல் வெண்பலகைத் திட்டம் வந்தது. இந்தியா 2016இல் அறிவித்த 35.3 கோடி டாலர் உதவியில், மெட்ரோ ரயிலுக்கும் புதிய உச்ச நீதிமன்றக் கட்டடத்துக்கும் ஒதுக்கிய அதே தொகையிலிருந்து, பிள்ளைகளின் டேப்லெட்டுக்கும் ஒரு பங்கு வந்தது. வந்த கருவி எந்தப் பாடத்தில், எந்தப் பத்து நிமிடத்துக்கு என்று தீர்மானிப்பதுதான் உங்கள் வேலை. பெரு நாட்டில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி கொடுத்துப் பார்த்தார்கள். 319 கிராமப்புறப் பள்ளிகளை வைத்து நடந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. கணினிகள் பல மடங்கு பெருகியும், கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறியதற்குச் சான்று கிடைக்கவில்லை. கருவியோடு பாடம் நடத்தும் முறையையும் சேர்த்து யோசிக்காவிட்டால் இங்கேயும் அதுதான் நடக்கும்.

இன்னொன்று. அந்தச் சாவியை உங்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளாதீர்கள். டேப்லெட் வேண்டும் என்றால் உங்களைத் தேடி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்து, இதற்குள் பாடவேளையில் பாதி போய்விடும். அப்புறம் யார் கேட்பார்கள்? முதல் நாள் மாலையே சார்ஜ் ஏற்றிவைக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். பழுதானதைத் தனியாக எடுத்து, எண் எழுதி ஒதுக்கிவையுங்கள். எட்டு டேப்லெட்தான் நன்றாக ஓடுகிறது என்றால் எட்டை வைத்துத் திட்டமிடுங்கள். இருபத்தைந்து இருப்பதாகக் காகிதம் சொல்வது வகுப்பில் உதவாது.

பயிற்சி என்று எல்லோரையும் கூட்டத்தில் உட்காரவைக்கவும் வேண்டாம். விருப்பமுள்ள இரண்டு பேரோடு தொடங்குங்கள். அவர்கள் வகுப்பை மற்றவர்கள் வந்து பார்க்கும்படி கால அட்டவணையில் இடம் ஒதுக்கிக் கொடுங்கள். அந்த நேரத்தை வாங்கித்தர உங்களால்தான் முடியும். கணினி தெரிந்தவரால் முடியாது.

திரியோலே தமிழாசிரியர்:

மிஸ், தமிழ் வகுப்புக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். இன்டர்நெட் தேவையில்லை. டேப்லெட்டில் குரல் பதிவு செய்யும் வசதி இருந்தால் போதும்.

பாடப்புத்தகத்தில் நாலைந்து வரியை நான் நிதானமாகப் படித்துப் பதிந்து வைப்பேன். நான்கு பிள்ளைகள் டேப்லெட்டோடு வராந்தாவுக்குப் போவார்கள். மற்றவர்கள் உள்ளே எழுதிக்கொண்டிருப்பார்கள். வராந்தாவில் இருப்பவர்கள் ஹெட்போனில் ஒருமுறை கேட்பார்கள், பிறகு தாங்களே படித்துப் பதிவார்கள், அதைத் தாங்களே கேட்பார்கள். இந்தக் கடைசி வேலைதான் முக்கியம். "பள்ளிக்குப் போனேன்" என்று படிக்க வேண்டியதை "பல்லிக்குப் போனேன்" என்று படித்த ஒரு பெண், தன் குரலைக் கேட்டதும் என்னிடம் ஓடிவந்து "மிஸ்யே (கிரியோலில் 'சார்'), தப்பு, மறுபடி செய்கிறேன்" என்றாள். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வாலை, வாழை, அலை, அழை, மரம், மறம் என்று சோடி சோடியாகக் கொடுத்தால் போட்டி போட்டுக்கொண்டு செய்கிறார்கள்.

பள்ளித் தவணைத் தொடக்கத்துப் பதிவையும் தவணைக் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால் முன்னேற்றம் தெரிந்துவிடும். தலைமையாசிரியருக்கும் அதையே போட்டுக் காட்டலாம். ஆறாம் வகுப்பில் பி.எஸ்.ஏ.சி. என்னும் ஆரம்பப் பள்ளி இறுதித் தேர்வுக்குத் தமிழ் எடுக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் காதுப் பழக்கம் எழுத்துப்பிழையையும் குறைக்கிறது. ல, ள, ழ காதில் பிரிந்தால்தானே கையில் பிரியும்?

கேள்வித்தாள் பற்றியும் ஒரு வேண்டுகோள். பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் பள்ளியில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குறிகளாகத்தான் தெரியும். புதிதாக அடிப்பவர்களுக்குத் தமிழ்99 விசைப்பலகையைப் பழக்குங்கள். உயிரெழுத்து இடக்கையிலும் மெய் பெரும்பாலும் வலக்கையிலும் வரும், ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானே விழும்.

கத்ர் போர்ன் கணினி ஆசிரியை:

படிப்பு முடித்துவிட்டு வருகிறேன் என்று காத்திருக்காதீர்கள் அக்கா. ஆசிரியர்களுக்கான தகவல் தொழில்நுட்பத் தகுதிகள் பற்றி யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட மூன்றாம் பதிப்பைப் பாருங்கள். ஆறு துறைகளாகப் பிரித்திருக்கிறார்கள்: கல்விக் கொள்கையைப் புரிந்துகொள்வது, பாடத்திட்டமும் மதிப்பீடும், கற்பிக்கும் முறை, டிஜிட்டல் திறன், நிர்வாகம், ஆசிரியரின் தொடர் கற்றல். ஆறில் ஒன்றுதான் கருவியைக் கையாளும் திறன். மற்றவற்றில் பல வருட அனுபவம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். நம் 2017ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் சொந்த விவரங்களைக் கையாள பெற்றோரின் சம்மதம் வேண்டும். திரியோலே சார் சொன்ன குரல் பதிவுக்கும் இது பொருந்தும். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரே படிவத்தில், கிரியோலிலோ பிரெஞ்சிலோ பெற்றோருக்குப் புரியும்படி எழுதி வாங்கிவிடுங்கள். பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி கேட்கும் எந்த இலவசச் செயலியிலும் ஆசிரியர் தன் விருப்பப்படி வகுப்பைப் பதிவு செய்யக்கூடாது. காவடி விழாப் படங்களை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவதையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். எனக்கு இதில் சமரசமே கிடையாது, பிள்ளை தனக்காக "வேண்டாம்" என்று சொல்ல முடியாதே.

கணக்குகளையும் பள்ளியின் பெயரில் திறங்கள். ஒரு ஆசிரியர் தன் சொந்த மின்னஞ்சலில் எல்லாவற்றையும் வைத்திருந்து, இடமாற்றலாகிப் போனால், பாடங்களும் அவரோடு போய்விடும்.

ரோஸ்ஹில் மிஸ்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தாத்தா சொன்னபடி ஐந்தாம் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். 3/4 பெரியதா 5/8 பெரியதா என்று மிஸ் கேட்டார். பாதிப் பேர் 5/8 என்றார்கள். ஐந்தும் எட்டும் பெரிய எண்களாம். மிஸ் ஒரே நீளத்தில் இரண்டு பட்டை வரைந்தார், ஒன்றை நாலாகவும் மற்றதை எட்டாகவும் பிரித்து, 3/4 என்பதே 6/8 என்று காட்டினார். உடனே விளங்கிவிட்டது. ஆனால் ஒவ்வொரு கணக்குக்கும் பட்டையை அளந்து வரைந்து அழிக்க வேண்டியிருந்தது. பாடம் முடிந்ததும் அவரே கேட்டார்: "ஒருமுறை வரைந்ததை வைத்துக்கொண்டு, பிள்ளைகளே வந்து பிரிக்கும்படி செய்ய முடியுமா?" அவருக்காகத்தான் இப்போது புரொஜெக்டரைச் சரிபார்க்கிறேன்.

குரல் பதிவை மூன்றாம் வகுப்பில் தொடங்குகிறேன், சம்மதப் படிவம் தயாராகிறது. இன்னும் ஒன்று மட்டும்: சூறாவளி, கனமழைக்குப் பள்ளி மூடும் நாட்களில் என்ன செய்கிறீர்கள்?

மாயேபூர் தாத்தா:

அந்த மிஸ் கேட்டதற்கு ஓப்பன்போர்டு என்ற வெண்பலகை மென்பொருள் போதும் அம்மா. சாங்கொரே மென்பொருளிலிருந்து பிரிந்து வளர்ந்தது, இலவசம். வீட்டுக் கணினியிலேயே பட்டைகளைத் தயார் செய்து பென்டிரைவில் கொண்டுவரலாம்.

பள்ளி மூடும் நாட்களுக்குப் பெரிய திட்டம் வேண்டாம். பல வீடுகளில் இருப்பது அப்பாவின் ஒரே போன், அதுவும் அவர் வேலை முடிந்து மாலையில்தான் வரும். நேரலை வகுப்பு வைத்தால் அந்தப் பிள்ளைகள் விடுபட்டுப்போவார்கள். 2020இல் பள்ளிகள் மூடியபோது எம்.பி.சி. தொலைக்காட்சியில் பாடம் ஒளிபரப்பியதும் எல்லா வீட்டையும் எட்டத்தான். நீங்கள் ஒரு குரல் பதிவும் புத்தகப் பக்க எண்ணும் அனுப்புங்கள், எப்போது முடியுமோ அப்போது கேட்கட்டும். போனே இல்லாத வீடுகள் எவை என்று ஆசிரியர்களிடம் இப்போதே பட்டியல் வாங்கி, டிசம்பர் விடுமுறைக்கு முன் அவர்களுக்கு அச்சடித்த தாள்களைக் கொடுத்துவையுங்கள். மழைக்காலம் ஜனவரியிலேயே வந்துவிடும்.